ஈரம் குடித்த பெட்டி

ஐப்பசி பிறந்துவிட்டால் பேண்டேஜ் துணிக்கு வெயில் கிடையாது. அந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் துணி உள்ளேயேதான் காயும். நடைக் கம்பியில், கட்டில் சட்டத்தில், சாமி படத்துக்கு மேலே இருக்கும் ஆணியில் என்று இடம் பார்க்காமல் வெள்ளை தொங்கும். பாண்டிசெல்வி அடுப்படிக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு கையாலும் துணியை விலக்கிக்கொண்டு, தண்ணீருக்குள் நடக்கிறவள் போலத்தான் போவாள். ராஜபாளையத்துக்குக் கிழக்கே இருக்கிற அந்தத் தறிக்காரத் தெருவில் பிறந்து, அதே தெருவிலேயே வாக்கப்பட்டவள் அவள். எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரியில் முகம் தெரியாத யாரோ ஒருவரின் காயத்தைச் சுற்றியிருக்கும் துணி இந்தக் கம்பியில் தொங்கியதாக இருக்கலாம் என்று சின்ன வயதில் நினைத்துக்கொண்டு தூங்குவாள். அது அவளுக்கு ஒரு சமாதானமாக இருந்தது. இப்போது எதுவும் சமாதானமாக இல்லை.

சனிக்கிழமை காலையில் வாசலில் கார் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. மழை உள்ளே விழாமல் இருக்க, ஜன்னல் கம்பிக்கும் எதிர் வேப்பமரத்துக்கும் ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தான் அவள் புருஷன் தனுஷ்கோடி. தார்ப்பாயின் நடுவில் தண்ணீர் கட்டி வயிறு போலத் தொங்கியது. செத்த நேரத்துக்கு ஒருமுறை அதைக் கம்பால் குத்தி வடித்துவிட்டு மறுபடி குனிந்துகொள்வான்.

"ஏட்டி, வந்து உள்ள உக்காரு. சாவியப் போட்டு, போன்ல என்ன வருதுன்னு வாசி."

பாண்டிசெல்வி தறிக்கு ஊடைநூல் சுற்றும் ராட்டையை நிறுத்திவிட்டு வந்தாள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாலும் கதவைச் சாத்தாமல் ஒரு காலை வெளியிலேயே ஊன்றிக்கொண்டாள். வியாழக்கிழமையிலிருந்து அப்படித்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வளைகாப்பு வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தோப்புக்குப் பக்கத்தில் ஆளுள்ள ரயில்வே கேட். முன்சக்கரம் தண்டவாளத்தில் ஏறி இறங்கியது, அவ்வளவுதான், என்ஜின் நின்றுவிட்டது. திணறவில்லை, குலுங்கவில்லை. கரண்ட் போனால் தெருவில் தறிகளெல்லாம் ஒரே மூச்சில் அடங்குமே, அப்படி ஓர் அமைதி. பின்சீட்டில் பால்கோவாவை இலையோடு நக்கிக்கொண்டிருந்த மகள் கார்த்திகா, "ஏம்ப்பா இங்க நிறுத்திட்ட?" என்று கேட்டாள். தனுஷ்கோடி சாவியைத் திருப்பத் திருப்ப ஒன்றும் ஆகவில்லை. கேட்காரர் கையை வீசிக்கொண்டு ஓடிவந்தார். சைக்கிளில் வந்த இரண்டு பேரும் அவரும் சேர்ந்து வண்டியைத் தள்ளி அந்தப் பக்கம் விட்டார்கள். பின்னால் கேட் மணி அடிக்க ஆரம்பித்தது. கார்த்திகாவை இழுத்து மடியில் போட்டுக்கொண்ட பாண்டிசெல்விக்கு அந்த மணி இன்னும் நிற்கவில்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் அதைவிடப் பயம். ரயில் போன பிறகு தனுஷ்கோடி சாவியைத் திருப்பினான். ஒன்றுமே நடக்காதது போல வண்டி எடுத்துக்கொண்டது.

"வாசி."

ஸ்டீரிங்குக்கு அடியில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு ஸ்கேனரைச் செருகியிருந்தான். அது போனோடு பேசும். அவள் எழுத்துக் கூட்டினாள்.

"யூ. பொறவு நம்பரு. சைபர், ஒண்ணு, சைபர், சைபர்."

"அதான். பெட்டியோட பேச்சு அந்துபோச்சுன்னு அர்த்தம்."

"எந்தப் பெட்டி?"

"இந்தா, பேட்டரிக்குப் பக்கத்துல இருக்குல்லா அலுமினியப் பெட்டி. ஈசிஎம். வண்டிக்கு மூளை. எம்புட்டு டீசல் விடணும், எப்ப விடணும், எல்லாம் அதுதான் சொல்லும். மத்ததுக அதுகிட்ட கேட்டுக் கேட்டுத்தான் வேலை பாக்கும். அன்னைக்கு மத்ததுக கேட்டிருக்கு, இது பதில் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"அது தெரிஞ்சா நான் ஏன் மழையில நிக்கேன்."

"மூளைக்குத்தான் கோளாறுன்னா வேற மூளை வாங்கிப் போடுங்க."

"அப்பிடி வாங்கிப் போட முடிஞ்சா மொதல்ல ஒனக்குத்தான் வாங்கியிருப்பேன்." சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து அவனும் நிறுத்திக்கொண்டான். "பெட்டிதான் போச்சுன்னு சொல்லிற முடியாது செல்வி. பெட்டிக்குக் கரண்ட் போகணும், எர்த் இருக்கணும், வயர் சரியா இருக்கணும். எல்லாம் பாத்துட்டுத்தான் பெட்டியில கை வைக்கணும். இப்ப அந்த நம்பர அழிச்சிரு."

"அழிச்சா சரியாயிருமா?"

"எழுத்துதான் போவும். திரும்ப வருதான்னு பாக்கணும்லா."

அழித்தாள். திரையில் பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி வந்தது. குறை எதுவும் இல்லை என்று அது சொன்னது. அந்தப் பச்சையை அவள் நம்பவில்லை. நோய் எங்கேயும் போகவில்லை, பேரை மட்டும் அழித்துவிட்டுக் கூட உட்கார்ந்திருக்கிறது என்று பட்டது.

சாயங்காலம் வரை பார்த்தான். ஃபியூஸ்களைக் கழற்றித் துடைத்து மாட்டினான். வண்டி விளக்கின் குண்டு பல்பைக் கோத்துச் செய்த டெஸ்ட் லாம்பை வயர்களில் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். தொட்ட இடமெல்லாம் குண்டு பல்பு நன்றாகவே எரிந்தது. ராஜபாளையத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் கருத்தையா அண்ணனுக்குப் போன் போட்டு, கை கிரீஸாக இருந்ததால் ஸ்பீக்கரில் வைத்தான்.

"தம்பி, ஓடாத வண்டியப் பாத்துரலாம். ஓடுத வண்டியையும் பாத்துரலாம். நின்னுட்டு ஓடுது பாரு, அதுதான் கையில மாட்டாது. வெள்ளிக்கிழமை எங்கிட்ட கொண்டாந்தப்ப கல்யாண மாப்ள கணக்கா நின்னுச்சு."

"என்னண்ணே செய்ய?"

"அது நிக்கும்போது நீ கையில புடிக்கணும். என்ஜின ஓட விட்டுட்டு வயர ஒண்ணொண்ணா ஆட்டிப் பாரு. வீட்டு வாசல்லயே பாரு. ரோட்டுக்குக் கொண்டு போயிராத."

வெள்ளிக்கிழமை மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்ததால் அன்றைக்குத் தப்பித்தார்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் உண்டு. தெருப் பிள்ளைகளை ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவதுதான் தனுஷ்கோடியின் பிழைப்பு. தறிச் சத்தத்தில் அவனுக்கு வலது காது ஏறக்குறையப் போய்விட்டது. இனிமேல் தறிக்குப் போனால் இன்னொன்றும் போகும் என்று டாக்டர் சொன்ன பிறகு வாங்கிய பழைய வண்டி இது. வேன்களை நம்பாதவர்கள்கூட இவன் வண்டியில் பிள்ளைகளை ஏற்றினார்கள். சொந்த மகளும் அதில்தானே போகிறாள் என்பது ஒன்றுதான் காரணம். பள்ளிக்கூடத்துக்கு அந்தக் கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடியவிடிய மழை. தறிகளுக்கு லீவு என்பதால் தெரு காது அடைத்துக் கிடந்தது. அவள் சீட்டில் உட்கார்ந்து என்ஜினை ஓட விட்டாள்.

"நின்னா சத்தம் குடு" என்றான்.

"நின்னா ஒங்களுக்கே தெரியும்லா."

"மழையில எனக்குக் கேக்காது."

அவன் குனிந்தான். தறியில் இழை அறுந்தால் நீளவாக்கில் ஓடும் பாவு நூலின்மேல் உள்ளங்கையைப் பரத்தித் தடவிக்கொண்டே போய், எந்த இழை என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பான். அதே கையோடுதான் வயர்க் கட்டைத் தடவிக்கொண்டு போனான். ஒரு வயரைப் பிடித்து ஆட்டுவான், நிற்பான், அடுத்ததற்குப் போவான். கண்ணாடி வழியே அவன் உச்சந்தலை மட்டும் தெரிந்தது. பாண்டிசெல்வி இரண்டு காலையும் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டாள். வீட்டு வாசலில் நிற்கிற வண்டி, எங்கே போய்விடப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படியும் ரயில் வருகிற திசையைப் பார்ப்பதுபோலத் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நின்றுவிட்டது.

ஹாரனை அடித்தாள். தனுஷ்கோடி நிமிர்ந்தான். கை அலுமினியப் பெட்டியின்மேல் இருந்தது. தொலைந்த பொருள் கிடைத்தவனின் சந்தோஷம் அவன் முகத்தில் இருந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, பெட்டியின் பெரிய பிளக்கை நெம்பி எடுத்தான். பிறகு பெட்டியையே கழற்றி வெளியே தூக்கினான். அதற்குக் கீழே, பிளக்கோடு ஒட்டிக்கொண்டு, உள்ளங்கை கனத்துக்கு ஒரு துணிச் சுருணை இருந்தது. எடுத்துப் பிழிந்தான். பழுப்பும் பச்சையுமாகத் தண்ணீர் வழிந்தது.

பாண்டிசெல்வி இறங்கி வந்து அதை வாங்கி விரித்துப் பார்த்தாள். கரையைப் பார்த்ததும் தெரிந்தது.

"இது நம்ம துணி."

அவன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நம்ம தறித் துணி இங்க எப்பிடி வந்துச்சு?"

"ஆடி மாசம் கடகடன்னு ஒரு சத்தம் வந்துச்சுல்லா. பெட்டியப் புடிக்கிற தகடு ஒடைஞ்சுபோயி ஆடிக்கிட்டு இருந்துச்சு." கையைத் துடைத்தான். "நான்தான் வச்சேன்."

"துணியா?"

"ஆஸ்பத்திரிக்குப் போற துணி. அதவிட சுத்தமா வேற என்ன இருக்கு நம்ம வீட்டுல?"

அவள் திட்டவில்லை. அந்தத் தெருவில் குழாய் ஒழுகினால் அதைத்தான் சுற்றுவார்கள். கட்டில் கால் ஆடினால், ஊறுகாய் ஜாடிக்கு மூடி இல்லாவிட்டால், கத்தி விரலைக் கிழித்தால், எல்லாவற்றுக்கும் அந்தத் துணிதான். அவள் கையில் அன்றைக்கு அந்தப் பெட்டியைக் கொடுத்திருந்தால் அவளும் அதைத்தான் வைத்திருப்பாள்.

"தண்ணியக் குடிக்கணும்னுதான அத நெய்யுதோம்" என்றாள் மெதுவாக. "குடிச்சிருக்கு."

பிளக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். வரிசையாக ஊசிகள் மின்னின. ஒரு மூலையில் மட்டும் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தபோது களிம்போடு சேர்ந்து ஊசியும் மெலிந்து போயிருப்பது தெரிந்தது. போட்டோ எடுத்துக் கருத்தையாவுக்கு அனுப்பினான். உடனே கூப்பிட்டார்.

"கையில மாட்டிருச்சே. அந்தப் பின்னு வழியாத்தான் தம்பி பெட்டிக்குக் கரண்டே போவுது. அது ஒழுங்காத் தொடலன்னா பெட்டி செத்துப்போயிரும், தொட்டா முழிச்சுக்கிடும். கழுவுனாப் பத்தாது. பிளக்கையே மாத்தணும். மதுரையிலருந்து வரணும், புதன்கிழமை ஆயிரும். அதுவரைக்கும் வண்டிய—"

தனுஷ்கோடி ஸ்பீக்கரை அமர்த்திவிட்டு நல்ல காதில் வைத்துக்கொண்டான். சரிண்ணே, சரிண்ணே என்றான். அமர்த்தியதற்குப் பிறகு வந்த சொல் என்னவென்று அவளுக்குக் கேட்காமலே தெரிந்தது.

மத்தியானம் முழுக்க பிளக்கை டேபிள் ஃபேனுக்கு முன்னால் வைத்துக் காயப்போட்டான். ஸ்ப்ரே அடித்தான். துணிக்குப் பதிலாக டியூப் ரப்பரை வெட்டிப் பெட்டிக்கு அடியில் கொடுத்தான். மாட்டி, ஓட விட்டு, ஆட்டு ஆட்டென்று ஆட்டினான். நிற்கவில்லை. ஸ்கேனரைப் போட்டான். பச்சைச் சரிக்குறி.

"பாத்தியா?"

"நாளைக்குப் புள்ளைகள ஏத்தப் போறீகளா?"

"ஏத்தாம?"

"புதன்கிழமைன்னு அண்ணன் சொன்னாருல்லா."

"அவரு கடைக்காரரு. எல்லாத்தையும் மாத்தத்தான் சொல்லுவாரு." குரல் இறங்கியது. "ரெண்டு நாள் வரலன்னா மூணாம் நாள் வேன்காரன் வந்து நிப்பான் செல்வி. பொறவு நான் எங்க போவேன்? தறிக்குத்தான் போகணும். நீ பேசறதையாவது கேக்கணும்ல எனக்கு."

கம்பியில் தொங்கிய துணியில் ஈரம் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வா, கேட்டு வரைக்கும் போயிட்டு வருவோம். ஒனக்கும் பயம் போயிரும். கார்த்திகாவ பாலம்மா மதினி வீட்டுல விட்டுட்டு வா."

"ரெண்டு பேரும் போக வேண்டாம்" என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். ஏன் என்று கேட்கப்போனவன் உள்ளே தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த கார்த்திகாவைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனான்.

பிள்ளைக்குப் பணியாரம் சுட உட்கார்ந்தாள் பாண்டிசெல்வி. குழியில் எண்ணெய் விட்டு, மாவு ஊற்றி, திருப்பிப் போட்டாள். வண்டி கேட்டுக்குப் போயிருக்கும். இந்நேரம் தாண்டியிருக்கும். இந்நேரம் திரும்பியிருக்கும். மழை ஓட்டில் ஒரே சீராகக் கொட்டியது. சுற்றிலும் தொங்கிய வெள்ளைத் துணி காற்று இல்லாமலே லேசாக அசைந்தது. ஊரெல்லாம் காயம்பட்டுத் தன் வீட்டுக்கு வந்து காத்திருப்பதாக ஒரு நினைப்பு வந்தது. உதறிப் பார்த்தாள், போகவில்லை. அப்போது தோப்புப் பக்கமிருந்து ரயில் ஊதியது. ஒருமுறை நீளமாக. பிறகு விட்டுவிட்டு, அவசரமாக.

அவனுக்கு வலது காது கேட்காது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகும்போது ரயில் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று யோசித்தாள். யோசிக்க யோசிக்க எது வலது கை, எது இடது கை என்பதே குழம்பிவிட்டது.

"அம்மா, கருகுது" என்றாள் கார்த்திகா.

கல்லை இறக்கவில்லை. எழுந்து வாசலுக்கு ஓடி மழையில் நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளோ, தெருமுனையில் இரண்டு விளக்கு தெரிந்தது. வண்டி நிதானமாக வந்து தார்ப்பாய்க்கு அடியில் நின்றது.

"கேட்டு சாத்திட்டான்" என்றான் இறங்கிக்கொண்டே. "மாடு ஏதோ தண்டவாளத்துல நின்னுச்சு போல, ரயில்காரன் ஊதித் தள்ளிட்டான். ஏன் நனையுத?"

"நின்னுச்சா?"

"எது, மாடா?"

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நிக்கல. போகும்போதும் நிக்கல, வரும்போதும் நிக்கல" என்றான். உள்ளே போய் உட்கார்ந்து, கருகின பணியாரத்தை ஒன்றுவிடாமல் தின்றான். தின்னும்போதும் இடது கையில் வண்டிச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை அவன் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலையிலும் தூறல் விடவில்லை. கார்த்திகாவை எழுப்பும் நேரத்தில் பாண்டிசெல்வி போர்வையை இழுத்து அவள் கழுத்துவரைக்கும் மூடினாள்.

"ஒனக்குக் காய்ச்சல். படு."

"எனக்குக் காய்ச்சல்லாம் இல்லம்மா."

"இருக்கு. நான் தொட்டுப் பாத்துட்டேன்."

தனுஷ்கோடி சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே இதைக் கேட்டான். அவளிடம் ஒன்றும் கேட்காமல் வெளியே போய் வண்டியைக் கிளப்பினான். அவன் கேட்காததால் அவளும் சொல்ல வேண்டியதில்லாமல் போயிற்று. இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது.

பிள்ளைகள் குடையோடு வந்து கூடினார்கள். எதிர் வீட்டுப் பாலம்மாள் தன் மகன் துரையைக் கையில் பிடித்துக்கொண்டு, தலைக்குச் சாக்கைப் போட்டபடி வந்தாள். இரண்டு பிள்ளை தவறி மூன்றாவதாகத் தங்கியவன் துரை. அவனைத் தெருவில் தனியாக விடமாட்டாள்.

"ஏம்ப்பா தனுஷ்கோடி, வியாழக்கிழமை கேட்டுல வண்டி நின்னுருச்சாமே? பாவு ஓட்டுற எடத்துல பேசிக்கிட்டாக."

"பாத்து சரி பண்ணியாச்சு மதினி" என்றான் சீட்டிலிருந்தே.

"அதானே. சரி பண்ணாம ஏத்துவியா நீ. ஒம் மகளும் இதுலதான போறா." துரையின் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிவிட்டு முன்சீட்டைப் பார்த்தாள். கார்த்திகா எப்போதும் உட்காரும் இடம். "எங்க அவள? இன்னும் கெளம்பலயா?"

தனுஷ்கோடி திரும்பவில்லை. பாண்டிசெல்வி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காய்ச்சல் என்கிற சொல் நாக்கு நுனிவரைக்கும் தயாராக வந்து நின்றது. அதைச் சொல்லிவிட்டால் கதவு சாத்தும் சத்தம் கேட்கும், வண்டி போய்விடும், அவள் ராட்டைக்கு முன்னால் போய் உட்கார்ந்து, வீட்டுக்குள் பத்திரமாகப் படுத்திருக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே ரயில் ஊதுகிறதா என்று காத்திருக்கலாம். துரை கார்க் கதவின் கைப்பிடியில் கை வைத்தான். அவன் விரலில் சின்னதாக ஒரு கட்டு. அவர்கள் தெருத் துணிதான், சுத்தமாக, வெள்ளையாக.

"காய்ச்சல் ஒண்ணும் இல்லக்கா" என்றாள். "நான்தான் ஏத்தல."

பாலம்மாளுக்குப் புரியவில்லை. "என்னட்டி?"

"வண்டி இன்னும் முழுசா சரியாகல. மதுரையிலருந்து சாமான் வரணும். புதன்கிழமை வரைக்கும் எம் பிள்ளைய நான் இதுல ஏத்த மாட்டேன். நீங்களும் ஏத்தாதீக. யாரும் ஏத்தாதீக."

தூறல் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. பாலம்மாள் மகனைச் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். மற்ற பிள்ளைகள் குடைக்கு அடியிலிருந்து பெரியவர்களின் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்கள். பாண்டிசெல்விக்குத் தனுஷ்கோடியைப் பார்க்கத் தைரியம் இல்லை. நாளைக்கு அவன் தறிக்குப் போய் நிற்பதும், அவள் கூப்பிடுவது கேட்காமல் அவன் பாட்டுக்கு நடந்து போவதும் கண்ணில் வந்து நின்றன.

அப்போது என்ஜின் சத்தம் நின்றது.

"கோவத்துல ஆஃப் பண்ணிட்டாரு போல" என்றாள் பாலம்மாள் தாழ்ந்த குரலில்.

பாண்டிசெல்வி பார்த்தாள். அவனுடைய இரண்டு கையும் ஸ்டீரிங்கின்மேல் இருந்தன. வைப்பர் அது பாட்டுக்கு அங்கும் இங்கும் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் என்ஜின் நின்றது அவனுக்கு இன்னும் தெரியவில்லை. கண்ணாடிக்கு வெளியே, தெருமுனைப் பக்கமாக, கிளம்பப்போகிறவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவன் கண் கீழே இறங்கியது. ஸ்டீரிங்குக்குப் பின்னால் எரிந்த சிவப்பு விளக்குகளின் வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. அவன் மெதுவாகத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான்.

வண்டி தானாகத்தான் நின்றது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சாவியை உருவிக்கொண்டு இறங்கினான். பானெட்டைத் திறக்கப் போவான் என்று நினைத்தாள். திறக்கவில்லை. அவள் பக்கத்தில் வந்து, சாவியை அவள் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டான். அவன் கை குளிர்ந்து கிடந்தது. நிலைக்குப் பின்னால் மாட்டியிருந்த பெரிய குடையை எடுத்து விரித்தான்.

"வாங்க பிள்ளைகளா" என்றான். "பஸ் ஸ்டாப்புக்கு நான் கூட்டிட்டுப் போறேன். கையப் புடிச்சுக்கிடுங்க."

தன் நல்ல காதுப் பக்கமாகத் துரையை நிறுத்தி, அவன் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு உள்ளே பார்த்து, "கார்த்திகா, காய்ச்சல் விட்டுருச்சு, எந்திரி" என்றான்.